மழைத்துளியைவிட அதிகமான தேர்கள்

திருக்கோவலூர் வள்ளல் காரியின் கதை

புதிதாகக் கார் வாங்கியவரைப் பாருங்கள். வானம் கறுத்தால் அவர் முகமும் கறுத்துவிடும். வண்டியை வெளியே எடுக்கலாமா, வேண்டாமா என்று யோசிப்பார். சேறு தெறிக்குமே, தகடு துருப்பிடிக்குமே என்று கவலைப்படுவார். வண்டியைக் கொட்டகையில் பூட்டிவிட்டு, குடை பிடித்து நடந்து போகிறவர்களும் உண்டு.

இந்தக் கவலை புதியது அல்ல. கார் வருவதற்கு முன்பு தேர் இருந்தது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு, தேரைவிடச் சிறந்த வண்டி தமிழ்நாட்டில் கிடையாது. அந்தத் தேர் நிழலில் நிற்க வேண்டுமா, மழையிலும் ஓட வேண்டுமா? இந்தக் கேள்விக்கு ஒரு சிற்றரசன் தன் வாழ்க்கையாலேயே பதில் சொன்னான். அவன்தான் மலையமான் திருமுடிக்காரி.

மலையும் ஆறும்

காரி ஆண்ட நாட்டுக்கு மலையமான் நாடு என்று பெயர். தலைநகரம் திருக்கோவலூர். தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரை இன்று திருக்கோயிலூர் என்கிறோம். 2019-ம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்தைப் பிரித்துக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தை உண்டாக்கினார்கள். அப்போது திருக்கோயிலூர் கள்ளக்குறிச்சியோடு சேர்ந்தது.

மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. அங்கே மழை பிடித்தால் கோமுகி ஆறும் மணிமுத்தா ஆறும் பெருகி வரும். மண் பாதைகள் சேறாகும். மாட்டு வண்டியின் சக்கரம் பாதி புதைந்துவிடும். மழையில் வண்டி ஓட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று இந்தப் பகுதி மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியது இல்லை.

காரிக்குச் சொந்தமான மலை முள்ளூர் மலை. அவன் ஏறிய குதிரைக்கும் காரி என்றே பெயர். மலையமான்கள் வெளியிட்ட பழைய காசுகளிலும் குதிரை உருவம் இருக்கிறது. அந்தக் காசுகளை ஆராய்ந்து எழுதியவர் நாணய அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி.

பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி ஆகிய ஏழு பேரையும் கடையெழு வள்ளல்கள் என்பார்கள். கேட்டு வந்தவர்களுக்கு வெள்ளைப் பிடரி கொண்ட குதிரைகளைக் காரி கொடுத்தான். கூடவே அன்பான சொற்களையும் கொடுத்தான். சிறுபாணாற்றுப்படை என்ற பழைய நூல் இதைச் சொல்லுகிறது.

குதிரையைவிட அவனுக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது தேர்தான்.

ஒரு சக்கரத்துக்கு ஒரு மாதம்

தேர் செய்வது எளிய வேலையா? நல்ல மரம் வேண்டும். கைதேர்ந்த தச்சன் வேண்டும். சக்கரத்தின் குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன், ஒரு மாதம் முழுவதும் பாடுபட்டு ஒரே ஒரு சக்கரம் செய்தால் அது எப்படி இருக்கும்! அப்படிப்பட்டவன் அதியமான் என்று ஔவையார் பாடியிருக்கிறார். நல்ல சக்கரத்துக்கு அந்தக் காலத்தில் இருந்த மதிப்பு இதிலிருந்து தெரிகிறது.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த தேருக்கு மழை பகை. மரம் நனைந்தால் ஊதும். காய்ந்தால் வெடிக்கும். பொருத்துகள் ஆட்டம் காணும். அச்சுக்குப் போட்ட மை கரைந்து ஓடும். சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டால் குதிரை இழுத்தும் வராது.

அதற்காக அந்தக் காலத்தார் மழை நாளில் தேரைப் பூட்டி வைத்தார்களா? இல்லை. போருக்குப் போன தலைவன் கார்காலத்தில் திரும்பி வருவதாக மனைவியிடம் வாக்குக் கொடுப்பான். முல்லை பூக்கும். மேகம் இடிக்கும். அவன் தேரைப் பூட்டி, ஈரக் காட்டு வழியே விரைந்து வருவான். சங்கப் பாட்டுகளில் இந்தக் காட்சி பல முறை வருகிறது. வீட்டில் ஒருத்தி வழி பார்த்துக் காத்திருக்கிறாள். அவளைவிட வண்டியின் பளபளப்பு பெரிது இல்லை.

பறம்பு மலைப் பாரி இன்னும் ஒரு படி மேலே போனான். பற்றிப் படரக் கொம்பு இல்லாமல் தவித்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டு வந்தான். வெயிலும் மழையும் அதன்மேல் அடிக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் கொடுத்தான்.

கபிலர் போட்ட கணக்கு

பாரியின் உயிர் நண்பர் புலவர் கபிலர். அவர் காரியையும் பாடினார். அந்தப் பாட்டுகள் புறநானூற்றில் இருக்கின்றன. உ.வே. சாமிநாதையர் அந்த நூலை 1894-ம் ஆண்டு அச்சிட்டு வெளியிட்டார்.

காலையிலேயே கள் குடித்து மயங்கிக் கிடப்பவன் யாருக்கும் தேர் கொடுக்கலாம், அது பெரிய காரியம் அல்ல என்றார் கபிலர். காரி மயக்கத்தில் கொடுப்பவன் அல்ல. தெளிந்த அறிவோடு கொடுத்தான். அப்படி அவன் கொடுத்த தேர்களை எண்ணினால், முள்ளூர் மலையின் உச்சியில் விழுகிற மழைத்துளிகளைவிட அதிகமாக இருக்கும் என்று கபிலர் கணக்குச் சொன்னார்.

மழைக்குப் பயந்து மற்றவர்கள் தேரை ஒளித்து வைப்பார்கள். காரியோ மழையைப் போலவே தேரைப் பொழிந்தான்!

ஆனால் கபிலர் வெறும் புகழ்ச்சி பாடுபவர் அல்ல. காரிக்குப் புத்தியும் சொன்னார். கொடுப்பது எளிது, வந்தவரின் தகுதியை அறிந்து கொடுப்பதுதான் கடினம், எல்லோரையும் ஒரே மாதிரி பார்க்காதே என்றார். இன்னொரு பாட்டில், உன் நாடும் செல்வமும் பிறருக்கே போய்விட்டன, உன் மனைவியைத் தவிர உனக்கென்று ஒன்றும் இல்லை என்றார்.

வாள் செய்த வேலை

காரி வள்ளல் மட்டும் அல்ல, போர்வீரனும்கூட. கொல்லி மலையை ஆண்ட வல்வில் ஓரியும் ஒரு வள்ளல். காரி அவனைக் கொன்று, கொல்லி மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஓரியின் ஊருக்குள் காரி நுழைந்தபோது, தெருவே அலறியது என்று ஒரு பாட்டு சொல்லுகிறது. கொடுத்த கைதான் கொன்ற கையும். இதை மறைத்துக் காரியின் கதையைச் சொல்ல முடியாது.

பிறகு காரிக்கும் கெட்ட காலம் வந்தது. தகடூர் அதியமான் படை எடுத்துவந்து கோவலூரை வென்றான். அவனும் ஒரு வள்ளல்தான்! திருக்கோயிலூருக்கு அருகில் உள்ள ஜம்பையில், 1981-ம் ஆண்டு ஒரு பழைய கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். அதில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் இருக்கிறது. அவன் இந்த மண்ணில் கால் வைத்ததற்கு அது சாட்சி.

யானையின் காலடியில்

மலையமான் குலத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று வந்தது. சோழன் கிள்ளிவளவன் மலையமானின் சின்னஞ்சிறு மக்களைப் பிடித்துவந்தான். யானையின் காலில் இட்டுக் கொல்லச் சொன்னான். அவர்கள் காரியின் பிள்ளைகள் என்பது பலருடைய கருத்து.

குழந்தைகளுக்கு நடக்கப்போவது தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தவர்கள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்தார்கள். கூடி நின்ற கூட்டத்தைப் புதிதாகப் பார்த்து மிரண்டார்கள்.

அவர்களைக் காப்பாற்ற அங்கே தேர் இல்லை, குதிரை இல்லை, படை இல்லை. ஒரு புலவர் முன்னால் வந்தார். அவர் கோவூர் கிழார்.

புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்தவனின் குலத்தில் பிறந்தவன் நீ என்று சோழனிடம் அவர் சொன்னார். இந்தக் குழந்தைகளோ, புலவர்கள் பசியால் வாடக் கூடாது என்று தங்கள் உணவைப் பகிர்ந்து கொடுத்தவர்களின் வழியில் வந்தவர்கள் என்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி உன் விருப்பம் என்று நிறுத்தினார்.

குழந்தைகள் பிழைத்தார்கள்.

தேர்கள் எங்கே?

பாரி இறந்த பிறகு, அவன் பெண்களை மணந்துகொள்ளும்படி கபிலர் சில சிற்றரசர்களைக் கேட்டார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். கடைசியில் பாரியின் மகளை மலையமான் குலத்தில் கொடுத்துவிட்டுக் கபிலர் உயிர் விட்டார் என்று திருக்கோயிலூர் வீரட்டானேசுவரர் கோவிலில் உள்ள இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்லுகிறது. தேரை முல்லைக்கு விட்டவனின் மகள், தேரை மழைபோல் கொடுத்த குலத்துக்கு மருமகளாக வந்தாள்.

தென்பெண்ணை ஆற்றின் நடுவே இன்றும் ஒரு பாறை நிற்கிறது. அதைக் கபிலர் குன்று என்கிறார்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் தண்ணீர் அதைச் சுற்றி ஓடும்.

காரி கொடுத்த தேர்களில் ஒன்றுகூட இன்று இல்லை. அவன் கொடுக்காமல் கொட்டகையில் வைத்த தேர் ஏதாவது இருந்திருந்தால், அதுவும் இன்று இல்லை. மழையில் நனைந்த மரமும் போயிற்று. நனையாத மரமும் போயிற்று. கொடுத்த தேர் மட்டும் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகையால், வண்டியைத் துடைத்து வையுங்கள், மை போடுங்கள், பழுது பாருங்கள். ஆனால் அடைமழை நாளில் பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால், வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். வண்டியை வெளியே எடுங்கள். திருக்கோவலூர்க் காரியாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பான்.