தனாக்கா ஷோஸோ

ஜப்பான் நாட்டின் தலைநகராகிய டோக்கியோவுக்கு வடக்கே உயர்ந்த மலைகள் உள்ளன. அம்மலைகளிற் பிறந்து, தென்திசை நோக்கி இறங்கிச் சமவெளியை அடையும் ஆறு வத்தராசே எனப்படும். முன்னாளில் அவ்வாற்றில் வெள்ளம் பெருகுவதைக் கண்டு உழவர் பெரிதும் அஞ்சியதில்லை. வெள்ளம் வடிந்தபின் மலைக்காட்டு வண்டல் வயலெங்கும் படிந்து கிடக்கும். எருவிடாமலே பயிர் செழிக்கும். மீன்பிடித்துப் பிழைத்த குடிகளும் அக்கரையில் மிகப் பலர். இவ்வாறு ஊட்டி வளர்த்த ஆறே ஒரு தலைமுறைக்குள் நஞ்சாக மாறிற்று. அக்கொடுமையை நாட்டின் பாராளுமன்றத்தில் பத்தாண்டுக் காலம் எடுத்துரைத்துப் போராடியவர் தனாக்கா ஷோஸோ என்பவர்.

இவர் 1841 ஆம் ஆண்டில் அவ்வாற்று நாட்டைச் சேர்ந்த கோனாக்கா என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் தோச்சிகி மாவட்டத்துச் சானோ நகரோடு சேர்ந்துள்ளது. இவருடைய குடும்பம் வழிவழியாக ஊர்த்தலைமை பூண்ட குடும்பம். ஷோஸோவும் மீசை அரும்பும் பருவத்திலேயே ஊர்த்தலைவரானார். அப்பகுதியை ஆண்ட நிலப்பிரபுவின் அதிகாரிகள் குடிகளை வருத்தியபோது, அவர்களை எதிர்த்து நின்றார். அதன் பயனாக 1868 இல் சிறை புகுந்தார். நிமிர்ந்து நிற்கவும் காலை நீட்டவும் இடமில்லாத கூண்டில் பத்துத் திங்களுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். உணவில் நஞ்சு கலந்துவிடுவர் என்று ஐயுற்று, உலர்ந்த மீனை மட்டும் சுவைத்து முப்பது நாள் உயிர் தாங்கினார் என்பர்.

பின்னர் வடநாட்டில் ஓர் அலுவல் ஏற்றுச் சென்றார். அங்கு மேலதிகாரி ஒருவர் கொலையுண்டார். ஷோஸோவின்மேல் பழி விழுந்தது. குற்றம் ஏதும் செய்யாத அவர் மூன்றாண்டு சிறையில் வாடி, 1874 இல் விடுதலை பெற்றார். சிறைவாழ்வையும் அவர் வீணாக்கினாரல்லர். மேனாட்டு அரசியல், பொருளாதார நூல்களின் மொழிபெயர்ப்புகளை அங்கே உரக்கப் படித்தார். அவருக்கு இருந்த திக்குவாய் அதனால் நீங்கிற்று என்று சொல்வதுண்டு. பிற்காலத்தில் அமைச்சர்களை நடுங்கவைத்த பெருங்குரல், ஒருவகையில் சிறைக்கூடத்தில் பயின்றதே ஆகும்.

ஊர் திரும்பியவர் செய்தித்தாள் ஒன்றைத் தோற்றுவித்தார். 1880 இல் தோச்சிகி மாவட்ட மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்று, 1886 இல் அதன் தலைவரும் ஆனார். ஜப்பானில் முதற் பொதுத்தேர்தல் 1890 இல் நடந்தது. ஆண்டுக்குப் பதினைந்து யென்னுக்குக் குறையாமல் நேர்வரி செலுத்தும் ஆடவர்க்கே அன்று வாக்குரிமை இருந்தது. மக்களில் நூற்றுக்கு ஒருவரே அதனைப் பெற்றிருந்தனர். அத்தேர்தலில் வென்ற முந்நூறு உறுப்பினருள் ஷோஸோவும் ஒருவர். தொடர்ந்து ஆறு முறை அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இனி, ஆறு நஞ்சான வரலாற்றைக் காண்போம். வத்தராசேயின் தலைப்பகுதியில் அஷியோ என்னும் இடத்தில் பழைய செம்புச் சுரங்கம் ஒன்று இருந்தது. புருக்காவா இச்சிபே என்னும் வணிகர் 1877 இல் அதனை விலைக்கு வாங்கினார். புதிய பொறிகள் வந்தன, செம்பு குவிந்தது. சில ஆண்டுகளில் நாட்டிலேயே மிகப் பெரிய செம்புச் சுரங்கமாக அஷியோ விளங்கிற்று. செம்பை அயல்நாடுகளுக்கு விற்றுப் பெற்ற பொருள் ஜப்பானின் படைவலிமைக்கும் தொழில்வளர்ச்சிக்கும் பயன்பட்டது. ஆயின், சுரங்கத் தேவைக்காக மலைமரங்கள் வெட்டப்பட்டன. எஞ்சிய மரங்களை உருக்குலைகளிலிருந்து எழுந்த கந்தகப் புகை கருக்கிவிட்டது. மொட்டையான மலையில் மழைநீர் தங்குவதேது? அது வெள்ளமாகப் பாய்ந்தது. கழிவுக் குவியல்களையும் வாரிக்கொண்டு சென்றது. 1890 இல் வந்த பெருவெள்ளம் வடிந்தபோது, வயல்களில் வண்டலுக்கு மாறாகச் செம்பு கலந்த சேறு படிந்திருந்தது. நெல் கருகிற்று, மீன்கள் செத்து மிதந்தன. உழவர்கள் அம்மண்ணை எடுத்துச் சென்று வேளாண் கல்லூரிப் பேராசிரியரிடம் கொடுத்து ஆராயச் செய்தனர். கேட்டுக்குக் காரணம் செம்பே என்பது தெளிவாயிற்று.

1891 டிசம்பரில் ஷோஸோ பாராளுமன்றத்தில் தம் முதல் வினாவை எழுப்பினார். குடிகளின் உடைமைக்கு அரசியல் சட்டம் காப்பளிக்கிறது. பொதுநலத்துக்குக் கேடு செய்யும் சுரங்கத்தின் உரிமத்தை நீக்கச் சுரங்கச் சட்டம் இடந்தருகிறது. அவ்வாறிருக்க அரசு வாளா இருப்பது ஏன் என்பது அவ்வினாவின் சாரம். துறையமைச்சராக இருந்தவர் முத்சு முனேமித்சு. அவருடைய மகனே சுரங்க உடைமையாளரின் வளர்ப்பு மகன்! மன்றம் கலைக்கப்பட்ட பின்னரே விடை வெளிவந்தது. கேட்டின் காரணம் உறுதியாகவில்லை என்றும், சுரங்கத்தார் கழிவைத் தடுக்கும் கருவிகளை அமைக்கப் போகின்றனர் என்றும் அவ்விடை கூறிற்று.

1896 இல் மீண்டும் பெருவெள்ளம் வந்தது. மறு ஆண்டில் உழவர்கள் கூட்டங்கூட்டமாகக் கால்நடையாகவே தலைநகர் சென்று முறையிட்டனர். அரசு ஆய்வுக்குழு அமைத்து, நச்சுக்கழிவைத் தடுக்கும் பணிகளைச் செய்யுமாறு சுரங்கத்துக்கு ஆணையிட்டது. பணிகள் நடந்தன; துன்பம் தீரவில்லை. பாழான நிலங்களுக்கு அரசு வரிவிலக்கும் அளித்தது. அதனை அருட்செயல் என்று எண்ணிவிடலாகாது. வரி கட்டாதவர்க்கு வாக்கில்லை என்பதன்றோ சட்டம்? நிலத்தை இழந்த உழவர், அச்சலுகையால் வாக்கையும் இழந்தனர்.

1899 இல் உறுப்பினரின் ஆண்டூதியத்தை 800 யென்னிலிருந்து 2,000 யென்னாக உயர்த்தும் சட்டம் வந்தது. ஷோஸோ அதனை எதிர்த்துப் பேசினார். சட்டம் நிறைவேறவே, உயர்வை மட்டுமன்றி ஊதியம் முழுவதையுமே வேண்டாவென ஒதுக்கினார். அந்நாளில் அவர் செல்வர் அல்லர் என்பது கருதத்தக்கது. குடும்பச் சொத்தின் பெரும்பகுதி பொதுப்பணியிற் கரைந்துபோயிருந்தது.

1900 பிப்ரவரி 13 ஆம் நாள் தலைநகர் நோக்கிப் புறப்பட்ட உழவர்களைக் காவற்படையினர் கவாமத்தா என்னுமிடத்தில் வழிமறித்துத் தாக்கினர். உழவர் 51 பேர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. நான்கு நாள் கழித்து ஷோஸோ மன்றத்தில் எழுந்தார். குடிகளைக் கொல்வது நாட்டையே கொல்வதாகும். அதனை அறியாத அரசு ஏற்கெனவே அழிந்துபட்ட அரசே என்பது அன்று அவர் எழுப்பிய வினாவின் கருத்து. வினாவின் பொருள் விளங்கவில்லை. ஆதலின் விடை கூறுவதற்கில்லை என்று தலைமையமைச்சர் யமகத்தா எழுத்தில் தெரிவித்தார்.

மன்றத்தில் இனி நீதி கிடையாது என்று தெளிந்த ஷோஸோ, 1901 அக்டோபரில் பதவியைத் துறந்தார். அவ்வாண்டு டிசம்பர் 10 ஆம் நாள், பாராளுமன்றத்தைத் திறந்துவைத்துவிட்டு மெய்ஜிச் சக்கரவர்த்தி தேரில் திரும்பிக்கொண்டிருந்தார். அறுபதை எட்டிய முதியவர் ஒருவர் கூட்டத்தினின்றும் விடுபட்டு, கையில் விண்ணப்பத்தை உயர்த்தியவாறு தேரை நோக்கி ஓடினார். தடுக்க வந்த குதிரைவீரர் ஈட்டியோடு கீழே விழுந்தார். முதியவரும் இடறி விழுந்தார். காவலர் அவரைப் பற்றிக்கொண்டனர். விண்ணப்பம் சக்கரவர்த்தியின் கைக்குச் செல்லவில்லை. அதன் வரைவைக் கோத்தோக்கு ஷூசுயி என்னும் எழுத்தாளர் எழுதிக் கொடுத்திருந்தார். ஷோஸோ அதனை அப்படியே ஏற்காமல், உண்மைக்கு ஒவ்வாதன என்று தமக்குப் பட்ட சொற்களை அடித்துத் திருத்தி, திருத்திய இடந்தோறும் தம் முத்திரையைப் பதித்திருந்தார். உயிருக்குத் துணிந்து செல்கின்ற நேரத்திலும் சொல்லில் அத்துணைக் கவனம்! அரசு அவரைச் சித்தம் கலங்கியவர் என்று கூறி அன்று மாலையே விடுவித்தது. வழக்கு நடந்தால் சுரங்கத்தின் கதை நாடறிய வெளிப்படும் என்று அஞ்சினர் போலும். ஆயினும், மறுநாட் செய்தித்தாள்கள் அதனை நாடெங்கும் பரப்பிவிட்டன.

வெள்ளத்தைத் தேக்க ஆற்றின் கீழ்ப்பகுதியில் பெரிய தேக்கம் அமைப்பதே வழி என்று அரசு முடிவு செய்தது. அதற்குப் பலியாகக் குறிக்கப்பட்டது யனாக்கா என்னும் சிற்றூர். 1904 இல் ஷோஸோ அவ்வூருக்கே குடிபெயர்ந்தார். அரசு தரும் பணத்தைப் பெற்றுக்கொண்டு பலர் வெளியேறினர். அவர்களை அவர் பழித்தாரல்லர். 1906 இல் அரசு அவ்வூரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கிற்று. மறு ஆண்டில், வெளியேற மறுத்துத் தங்கியிருந்த பதினாறு வீடுகளும் இடிக்கப்பட்டன. அக்குடும்பத்தார் இடிந்த இடத்திலேயே குடிசை கட்டிக்கொண்டு மழையில் நனைந்து கிடந்தனர். ஷோஸோவும் அவர்களோடு இருந்தார். அதன்பின் முதுமையையும் பொருட்படுத்தாமல் அப்பகுதி ஆறுகளின் கரைகளில் நடந்து, நீரோட்டத்தையும் வெள்ள மட்டத்தையும் அளந்து எழுதிவந்தார்.

அத்தகைய பயணம் ஒன்றில் நோயுற்று, உழவர் ஒருவர் வீட்டில் 1913 செப்டம்பர் 4 ஆம் நாள் உயிர் நீத்தார். அவருடைய உடைமையாக எஞ்சியவை கோரைத் தொப்பி ஒன்றும் துணிப்பை ஒன்றும் ஆகும். பையினுள் விவிலியப் புதிய ஏற்பாடும், அரசியல் சட்டமும், நாட்குறிப்பும், ஆற்றங்கரையிற் பொறுக்கிய சில கூழாங்கற்களும் இருந்தன. அவருடைய எலும்புச் சாம்பலைத் தம் ஊரில் வைக்கவேண்டும் என்று பல ஊரார் கேட்டமையால், அது பங்கிடப்பட்டுப் பல இடங்களிற் புதைக்கப்பட்டது.

அஷியோச் சுரங்கம் 1973 இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டில் சுரங்க நிறுவனத்தார் உழவர்களுக்கு 155 கோடி யென் இழப்பீடு தர இசைந்தனர். யனாக்கா இருந்த இடம் இப்பொழுது நாணல் மண்டிய பெருந்தேக்கமாக இருக்கிறது. ஷோஸோ நீட்டிய விண்ணப்பம் அழியாது காக்கப்பட்டது. 2014 இல் மெய்ஜிச் சக்கரவர்த்தியின் கொள்ளுப்பேரராகிய அக்கிஹித்தோ சக்கரவர்த்தி சானோ நகருக்கு வந்து, அருங்காட்சியகத்தில் அதனைப் பார்வையிட்டார்.