சாமுவேல் பிஸ்க் கிறீன்

சாமுவேல் பிஸ்க் கிறீன் (அக்டோபர் 10, 1822 - மே 28, 1884) யாழ்ப்பாணத்தில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ் மொழியிலேயே கற்பித்த அமெரிக்க மருத்துவர் ஆவார். மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் நடத்தியதோடு, ஆங்கில மருத்துவப் பாடநூல்களைத் தமது மாணவர்களின் துணையுடன் தமிழில் வெளியிட்டார். தமிழில் அறிவியல் நூல்கள் எழுதும் முயற்சியின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் மதிக்கப்படுகிறார்.

பிறப்பும் கல்வியும்

கிறீன் ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரில், கிறீன் ஹில் எனப்பட்ட குடும்ப இல்லத்தில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த 11 பிள்ளைகளுள் இவரும் ஒருவர். நியூ யார்க் நகரின் சென்ட்ரல் பார்க் பூங்காவை உருவாக்குவதில் பெரும் பங்கு வகித்த ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் இவருடைய தமையன். சாமுவேல் கிறீன் நியூ யார்க்கில் மருத்துவம் பயின்று 1845 இல் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்க மிஷன் சங்கத்தில் மருத்துவப் பணியாளராகச் சேர்ந்தார்.

யாழ்ப்பாணம் வருகை

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் மருத்துவப் பணியைத் தொடங்கியவர் ஜான் ஸ்கடர். இவர் பண்டத்தரிப்பில் பல ஆண்டுகள் பணியாற்றியபின் 1836 இல் சென்னைக்கு இடம் பெயர்ந்தார். அடுத்து வந்த நேத்தன் வார்டு வட்டுக்கோட்டையில் மருத்துவம் பார்த்தார். வார்டு தாயகம் திரும்பியதால் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்பவே கிறீன் அனுப்பப்பட்டார். அவர் 1847 அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்தடைந்து வட்டுக்கோட்டையில் பணியை ஏற்றார். மறு ஆண்டு மானிப்பாய்க்கு மாறினார். வாந்திபேதி அடிக்கடி பரவிய காலம் அது. நோயாளிகளின் கூட்டமோ பெரிது, மருத்துவரோ ஒருவர். ஆகவே உள்ளூர் இளைஞர்களை மருத்துவர்களாக்குவதே வழி எனக் கண்டு, 1848 இல் சிலரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

தொடக்கத்தில் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. 1835 இல் தொடங்கிய சென்னை மருத்துவப் பள்ளியிலும் பயிற்று மொழி ஆங்கிலமே. ஆனால் ஆங்கிலம் வழியாக மருத்துவம் கற்றவர்கள் நல்ல ஊதியம் கிடைக்கும் அரசுப் பணியை நாடி வேறிடங்களுக்குச் சென்றனர். யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களில் தங்கி மருத்துவம் செய்வோர் அரிதாயினர். மக்களின் மொழியில் கற்றவர்களே மக்களிடையே தங்குவர் என்பது கிறீனின் முடிவாயிற்று. அக்காலத்தில் மிஷன் சங்கமும் தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தி வந்தது. 1855 இல் வட்டுக்கோட்டை செமினறி மூடப்பட்டதும் இக்கொள்கை மாற்றத்தின் விளைவே.

உடல்நலம் குன்றியதால் கிறீன் 1857 இல் பணியை விட்டுத் தாயகம் சென்றார். அங்கு மார்கரெட் வில்லியம்ஸ் என்பவரை மணந்து, 1862 இல் மீண்டும் மானிப்பாய் வந்தார். 1864 முதல் மருத்துவ வகுப்புகளைத் தமிழிலேயே நடத்தலானார்.

நூல்களும் கலைச்சொற்களும்

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல்கள் வேண்டியிருந்தன. கிறீன் இப்பணியை முதல் தடவை தங்கியிருந்த காலத்திலேயே தொடங்கியிருந்தார். அப்போது கால்வின் கட்டர் எழுதிய உடற்கூற்று, உடலியங்கியல் நூலும், மகப்பேற்று மருத்துவ நூல் ஒன்றும் தமிழில் வெளியாயின. மீண்டும் வந்தபின் பணி விரிவடைந்தது. டான்வர்த், சாப்மன், பவுல் முதலிய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் துணை நின்றனர். அவ்வாறு வெளிவந்த நூல்களுள் சில:

இரண வைத்தியம் (1867) - அறுவை மருத்துவம்
மனுஷ அங்காதிபாதம் (1872) - உடற்கூற்றியல்
வைத்தியாகரம் (1872) - பொது மருத்துவம்
கெமிஸ்தம் (1875) - வேதியியல்
மனுஷ சுகரணம் (1883) - உடலியங்கியல்

கலைச்சொல் ஆக்கத்தில் கிறீன் ஓர் ஒழுங்கைப் பின்பற்றினார். தமிழில் வழங்கும் சொல்லை முதலில் தேடினார். அது கிடைக்காதபோது வடமொழியை நாடினார். இரண்டிலும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுதினார். நூற்பெயர்களிலேயே இதன் தடங்களைக் காணலாம். இரண வைத்தியம் என்பது நாட்டு மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்த பெயர். அங்காதிபாதம் வடமொழி வழி வந்தது. கெமிஸ்தம் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம்.

இறுதிக் காலம்

கிறீன் 1873 இல் யாழ்ப்பாணத்தை விட்டு நிரந்தரமாகத் தாயகம் திரும்பினார். எனினும் வூஸ்டரில் இருந்தவாறே தமிழ் மொழிபெயர்ப்புகளைத் திருத்தியும் பதிப்பித்தும் வந்தார். மனுஷ சுகரணம் வெளியான மறு ஆண்டு, 1884 மே 28 இல், அவர் காலமானார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தமது கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவரது விருப்பமாக இருந்தது.

மதிப்பீடு

கிறீனுக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை. 1870 இல் தோன்றிய கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. அரசுப் பணிக்கும் அதுவே வழியாயிற்று. கிறீனின் சொற்களுள் பல வழக்கொழிந்தன. அங்காதிபாதம் உடற்கூற்றியல் ஆயிற்று. கெமிஸ்தம் வேதியியல் ஆயிற்று. ஆயினும் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்க இயலுமா என்ற வினாவுக்கு, அதைக் கற்று ஊர்களில் மருத்துவம் செய்த அவருடைய மாணவர்களே விடையாக விளங்கினர். மானிப்பாயில் அவர் பெயரால் கிறீன் நினைவு மருத்துவமனை அமைந்துள்ளது.