வீழ்ந்த இடத்திலிருந்தே எழுச்சி: கைப்பந்துப் பயிற்றுநர் டைமாட்சுவின் வாழ்வு

ஒரு கைப்பந்து வீரரின் தகுதியை எதைக் கொண்டு அளப்பது? உயரத்தை அளக்கலாம், தாவும் ஆற்றலை அளக்கலாம், ஓங்கி அடிக்கும் பந்தின் வேகத்தையும் அளக்கலாம். ஆனால், களைத்துச் சோர்ந்த உடல் கடைசிப் பந்தை நோக்கிப் பாயுமா என்பதை எந்த அளவுகோல் காட்டும்? அவ்வினாவிற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்வைச் செலவிட்டவர் ஜப்பானியப் பயிற்றுநர் ஹிரோபுமி டைமாட்சு.

ஜப்பானின் ககாவா மாநிலத்தில் 1921ஆம் ஆண்டு பிறந்த டைமாட்சு, கல்லூரி நாள்களிலேயே கைப்பந்தாட்டத்தில் தேர்ந்தவர். கல்வி முடிந்ததும் நிச்சிபோ என்னும் நூற்பாலை நிறுவனத்தில் பணியேற்றார். ஆயினும் இரண்டாம் உலகப் போர் அவரைப் படைக்கு இழுத்துச் சென்றது. 1944இல் நிகழ்ந்த இம்பால் படையெடுப்பில், பசிக்கும் நோய்க்கும் பல்லாயிரவர் மடிய, உயிர் பிழைத்த சிலருள் அவரும் ஒருவர். முடியாது என்று மனம் சொன்ன பின்னும் உடலில் ஆற்றல் எஞ்சியிருக்கும் என்பதும், தலைவன் தானே முன்னின்றால்தான் பிறர் பின்தொடர்வர் என்பதும் அப்போர்க்களம் அவருக்குப் புகட்டிய பாடங்கள்.

போருக்குப் பின் மீண்டும் நிறுவனத்திற்குத் திரும்பிய அவரிடம், ஒசாகாவை அடுத்த கைஸுகா ஆலையின் மகளிர் கைப்பந்து அணியை உருவாக்கும் பொறுப்பு 1950களின் முற்பகுதியில் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் ஜப்பானில் ஒன்பதின்மர் ஆடும் முறையே வழக்கில் இருந்தது. அம்முறையில் அவரவர்க்கு உரிய இடம் மாறுவதில்லை. பன்னாட்டுப் போட்டிகளிலோ அறுவர் ஆடுவர். இடம் மாறி மாறி ஆடுவர். எனவே ஒவ்வொருவரும் தடுக்கவும் எடுக்கவும் அடிக்கவும் வல்லவராதல் வேண்டும். புதிய முறைக்கு மாறத் துணிந்தபோது டைமாட்சு ஓர் உண்மையை உணர்ந்தார். உயரத்தில் சோவியத் மகளிரைத் தம் அணியினர் எட்ட இயலாது. ஆனால் தரையில் விழும் பந்துகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டால் உயரம் பயனற்றுப் போகும்.

அதற்கு அவர் கண்ட வழியே உருண்டெழுந்து பந்தெடுக்கும் முறை. பந்தின்மீது பாய்ந்து, அதனை எடுத்தவாறே தோளில் உருண்டு, அதே விசையில் எழுந்து அடுத்த பந்துக்கு ஆயத்தமாகும் உத்தி அது. நம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் போல, எப்படித் தள்ளினும் நிமிரும் ஜப்பானியப் பொம்மை ஒன்றே அவருக்கு இவ்வெண்ணத்தை ஊட்டியது என்பர்.

வீராங்கனையர் பகலில் அலுவலகப் பணி செய்தனர். பிற்பகலில் தொடங்கிய பயிற்சி நள்ளிரவைத் தாண்டுவதும் உண்டு. டைமாட்சு தாமே நின்று பந்தை எறிந்துகொண்டே இருப்பார். களைப்பு வந்த பின்னர் எடுக்கப்படும் பந்தே அவருடைய தேர்வு. விழுந்த பின் எழும் விரைவே அவர் இடும் மதிப்பெண். அவரைப் பேய்ப் பயிற்றுநர் என்று இதழ்கள் அழைத்தன.

பயன் விரைவில் விளைந்தது. 1960இல் பிரேசிலில் நிகழ்ந்த உலகப் போட்டியில் ஜப்பான் மகளிர் இரண்டாமிடம் பெற்றனர். 1962இல் மாஸ்கோவில், சோவியத் அணியை அதன் சொந்த மண்ணிலேயே வென்று உலக வாகையர் ஆயினர். அத்துடன் ஓய்வு பெறவே அவர்கள் எண்ணினர், மணப்பருவம் கடந்துகொண்டிருந்தது. எனினும் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் கைப்பந்து முதன்முறையாக இடம்பெறவிருந்தமையாலும், மக்கள் மடல்மேல் மடல் விடுத்து வேண்டியமையாலும் தொடர்ந்து ஆட இசைந்தனர்.

1964 அக்டோபர் 23 அன்று இறுதி ஆட்டம். முதல் இரு சுற்றுகளை 15-11, 15-8 என ஜப்பான் வென்றது. மூன்றாம் சுற்றில் 14 புள்ளிகளை எட்டிய பின் ஒரே ஒரு புள்ளி கிட்டாமல் நழுவிக்கொண்டே இருந்தது. சோவியத் அணி 13 வரை நெருங்கியது. இறுதியில் 15-13 என வெற்றி ஜப்பானுக்கே வாய்த்தது. 31 வயதான அணித்தலைவி மசாயே கசாய் மறு ஆண்டிலேதான் மணவாழ்வு கண்டார்.

டைமாட்சுவின் புகழ் எல்லை கடந்தது. 1965இல் பிரதமர் சௌ என்லாயின் அழைப்பை ஏற்றுச் சீனம் சென்று, அந்நாட்டு மகளிருக்கும் தம் முறையைக் கற்பித்தார். 1968இல் நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவி முடிந்தபின் ஊர் ஊராகச் சென்று இல்லத்தரசியருக்குக் கைப்பந்து பயிற்றுவித்த அவர், 1978 நவம்பரில் தம் 57ஆம் வயதில் மறைந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1981இல், ஜப்பான் மண்ணிலேயே நிகழ்ந்த உலகக் கோப்பையைச் சீன மகளிர் வென்றனர்.

அவர்தம் முறையைக் கண்ணை மூடிக்கொண்டு போற்றுவதும் முறையன்று. காயத்தோடும் ஆடவைத்தார், ஓய்வை மறுத்தார் என்னும் குறை அன்றே எழுந்தது. அது பொய்க் குற்றச்சாட்டும் அன்று. ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியே என்பதும், நோவு என்பது உடல் விடுக்கும் எச்சரிக்கை என்பதும் இன்றைய விளையாட்டு மருத்துவம் தெளிந்த உண்மைகள். 2013இல் ஜப்பானிய விளையாட்டு அமைப்புகளே, பயிற்சியின் பெயரால் இழைக்கப்படும் வன்முறையை ஒழிப்போம் என ஒன்றுகூடி உறுதி பூண்டன. டைமாட்சுவின் வீராங்கனையர் பிற்காலத்தில் அவரை மதிப்புடனேயே நினைவுகூர்ந்தனர் என்பது உண்மை. ஆயினும், அவர்தம் வன்மையை மட்டும் கடன் வாங்கி, தாமே முன்னின்று உழைத்த பண்பை விட்டுவிடும் பயிற்றுநர்க்கு அம்மதிப்பு கிட்டுமா என்பது ஐயமே.

வள்ளுவப் பெருந்தகை ஆள்வினையுடைமை என்றோர் அதிகாரம் வகுத்து அயரா முயற்சியைப் போற்றினார். வலியறிதல் என்று மற்றோர் அதிகாரம் வகுத்து அளவு கடத்தலின் கேட்டையும் உணர்த்தினார். முன்னதற்கு டைமாட்சுவின் வாழ்வு ஒரு சான்று. பின்னதை அவ்வாழ்விலிருந்து நாம் கற்றல் வேண்டும். மாணவரை மதிப்பிடும் ஆசிரியர்க்கும், ஆடுகளத்தில் நிற்கும் இளைஞர்க்கும் இவ்விரண்டும் ஒருங்கே தேவை. எத்தனை முறை வீழ்ந்தோம் என்பதை எண்ணாமல், எவ்வளவு விரைவில் எழுந்தோம் என்பதை எண்ணுவோம். எழுவதற்கு உரிய வலிமை உடலில் எஞ்சியிருக்கவும் வழி செய்வோம்.