சாயம் போட்ட டாக்டர்

ரத்தத்தை ஏ, பி, ஓ என்று பிரித்தவர் யார் என்று கேட்டால் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் என்று பலர் சொல்லிவிடுவீர்கள். ஆனால் அவர் நம்ம டெக்ஸ்டைல் பிராசஸிங் காரர்களுக்கும் சொந்தக்காரர் என்பது தெரியுமா?

1868-ல் வியன்னா அருகே பிறந்தார். ஆறு வயதில் தந்தை இறந்துவிட, தாய்தான் வளர்த்தார். 1891-ல் டாக்டர் ஆனார். அதோடு நிற்காமல் எமில் பிஷர் போன்ற மேதைகளிடம் போய் வேதியியலும் கற்றார். வைத்தியருக்கு எதுக்கு கெமிஸ்ட்ரி என்று எங்க வீட்டில் கேட்டிருப்பாங்க. எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டியதே நான்தான். ஆனால் அந்தக் கெமிஸ்ட்ரிதான் அவருக்குக் கை கொடுத்தது.

நாப்தால் சாயத்துக்கு ஐஸ் போட்டு, சோடியம் நைட்ரைட்டும் அமிலமும் சேர்த்து டயசோ கரைசல் செய்கிறோமே, அதே வினைதான்! 1917 வாக்கில் அவர் அதை நாப்தாலுக்குப் பதில் புரதத்தோடு சேர்த்தார். சின்ன வேதிப்பொருளைத் தனியாக முயலுக்கு ஊசி போட்டால் எதிர்ப்பொருள் உண்டாவதில்லை. புரதத்தின் முதுகில் ஏற்றிப் போட்டால் உண்டாகிறது. அந்தச் சின்னப் பொருளை வேறொரு புரதத்தில் ஒட்டிக் காட்டினாலும் முயலின் சீரம் அடையாளம் கண்டுகொள்கிறது. ஒரு தொகுதி மெட்டாவிலிருந்து பாராவுக்கு இடம் மாறினால்கூட வித்தியாசம் தெரிகிறதாம். இவற்றுக்கு ஹாப்டன் என்று 1921-ல் பெயர் வைத்தார்.

1930-ல் நோபல் பரிசு கிடைத்தது ரத்தப் பிரிவுகளுக்காக. என் கணக்கில் இன்னொன்றும் கொடுத்திருக்கலாம். நியூயார்க்கில் அவர் பணியாற்றிய ராக்பெல்லர் நிலையத்திலேயே ஏவரியும் கோபலும் இந்த வழியில் நிமோனியாக் கிருமியின் சர்க்கரை உறையைப் புரதத்தோடு இணைத்துக் காட்டினார்கள். 1943-ல், 75 வயதில், ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும்போதே மாரடைப்பு வந்து, இரண்டு நாளில் காலமானார்.

ஹிப் என்ற மூளைக்காய்ச்சல் கிருமிக்கும் சர்க்கரை உறைதான். ரெண்டு வயசுக்குள் உள்ள குழந்தையின் உடம்பு அதைத் தனியாகப் பார்த்தால் சரியாக எதிர்ப்பதில்லை. புரதம் கூட வந்தால் டி செல்கள் உதவிக்கு வருகின்றன, ஞாபகமும் தங்குகிறது. அப்படிச் செய்த தடுப்பூசி 1987-ல் அமெரிக்காவில் வந்தது. 2011 டிசம்பரில் ஐந்து நோய்க்கான ஊசியில் சேர்ந்து தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் முதலில் வந்தது.

எங்க அக்கா குழந்தைக்கு முதல் ஊசியில் காய்ச்சல் அடிக்க, அடுத்தது வேண்டாம் என்று அம்மாச்சி பிடிவாதம். சின்னப் பையன் தனியாப் போனா யாரும் கண்டுக்க மாட்டாங்க, பெரிய ஆள் கையைப் பிடிச்சுப் போனா ஊரே திரும்பிப் பார்க்கும், மறக்காது; ஊசிக்குள்ள இருக்கறதும் அதுதான் என்று சொன்னேன். அம்மாச்சி பதில் பேசவில்லை. அடுத்த புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு முன்னால் நடந்தது அம்மாச்சிதான்.