ஷஜருத்துர்: எகிப்தைக் காத்த எண்பது நாள் அரசி

எகிப்தின் ஆட்சிபீடம் பல கைகள் மாறியது. பிர்அவ்ன்கள், கிரேக்கர், ரோமர் என்ற வரிசைக்குப் பின்னர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்களின் வெற்றியோடு அது முஸ்லிம்களின் கைக்கு வந்தது. 1171இல் பாத்திமிய்யாக்களின் ஆட்சியை முடித்து ஸலாஹுத்தீன் அய்யூபி அய்யூபிய ஆட்சியை நிறுவினார். அவர்களுக்குப் பின் மம்லூக்குகள், 1517இல் உஸ்மானியர், 1805இல் முஹம்மத் அலி பாஷா, 1953இல் குடியரசு என்று அந்த வரிசை நீள்கிறது. அய்யூபியருக்கும் மம்லூக்குகளுக்கும் இடையில் நிற்பவர் ஒரு பெண். அவர்தான் ஷஜருத்துர்.

அடிமைப் பெண்ணாக அரண்மனைக்கு வந்தவர் அவர். துருக்கிய இனத்தவர் என்றே பலரும் எழுதியுள்ளனர். ஸலாஹுத்தீனின் சகோதரருடைய பேரரான அஸ்ஸாலிஹ் அய்யூப், கரக் கோட்டையில் சிறைப்பட்டிருந்தபோதும் உடனிருந்தார். 1240இல் அஸ்ஸாலிஹ் சுல்தானானார். ஷஜருத்துர்ரை விடுதலை செய்து மணமுடித்தார். இவர்களுக்குப் பிறந்த கலீல் சிறு வயதிலேயே மரணித்துவிட்டார்.

1249 ஜூனில் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி சிலுவைப் படையோடு வந்து தமியாத் நகரைக் கைப்பற்றினார். எதிரி கெய்ரோவை நோக்கி நகரத் தொடங்கிய வேளையில், நவம்பரில், நோயுற்றிருந்த சுல்தான் மன்சூராவில் மரணித்தார். வாரிசான தூரான்ஷாஹ், வேறொரு மனைவியின் மகன். அவரோ இன்றைய துருக்கியிலுள்ள ஹிஸ்ன் கைஃபாவில் இருந்தார்.

சுல்தானின் மரணச் செய்தி வெளியானால் படை சிதறிவிடும். எனவே ஷஜருத்துர் அதனை மறைத்தார். ஜனாஸா இரகசியமாகப் படகில் ரவ்ழா தீவுக் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டது. சுல்தானின் கூடாரத்துக்கு வழமைபோல உணவு சென்றது. அவரது கையொப்பத்துடன் கட்டளைகள் வெளிவந்தன. இந்த இரகசியத்தை அறிந்தோர் தளபதி ஃபக்ருத்தீன் போன்ற மிகச் சிலரே. தூரான்ஷாஹ்வை அழைத்துவர ஆள் அனுப்பப்பட்டது.

1250 பெப்ரவரியில் மன்சூராவில் ஃபக்ருத்தீன் கொல்லப்பட்டபோதிலும், பைபர்ஸ் போன்ற மம்லூக் வீரர்கள் எதிரியை முறியடித்தனர். ஏப்ரலில் மன்னர் லூயியே கைதியானார்.

வெற்றிக்குப் பின்னர்தான் பிரச்சினை ஆரம்பித்தது. வந்து சேர்ந்த தூரான்ஷாஹ் தன்னோடு வந்தவர்களுக்கே பதவிகளை வழங்கினார். தந்தையின் செல்வத்தைக் கேட்டு ஷஜருத்துர்ரை மிரட்டினார். மே 2இல் மம்லூக்குகள் அவரைக் கொன்று, ஷஜருத்துர்ரை அரியணையில் அமர்த்தினர். நாணயமும் ஜும்ஆ குத்பாவும் அவர் பெயரில் அமைந்தன. கலீலின் தாய் என்பதே அவருடைய அரச கையொப்பம். சில நாட்களுக்குள் தமியாத் மீட்கப்பட்டது. பெருந்தொகை மீட்புப் பணத்தின் பேரில் லூயி விடுவிக்கப்பட்டார்.

எனினும் பக்தாத் கலீஃபா அல்முஸ்தஃஸிம் அவரை ஏற்கவில்லை. சிரியாவின் அய்யூபிய அமீர்களும் பணிய மறுத்தனர். எண்பது நாட்களளவில் அவர் மம்லூக் தளபதி ஐபக்கை மணந்து, பதவியை அவரிடம் ஒப்படைத்தார். ஆயினும் நிர்வாகத்தில் அவரது கை ஓங்கியே இருந்தது. 1257இல் மோசுல் ஆட்சியாளரின் மகளை மணக்க ஐபக் முனைந்தபோது பகை முற்றியது. ஐபக் குளியலறையில் கொல்லப்பட்டார். அதற்கு ஏற்பாடு செய்தவர் ஷஜருத்துர். சில நாட்களில் அவரும் கொல்லப்பட்டார். ஐபக்கின் முதல் மனைவியின் பணிப்பெண்கள் மிதியடிகளால் அடித்தே கொன்றதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கெய்ரோவில் அவர் கட்டிய அடக்கத்தலம் இன்றும் உள்ளது.

அந்தக் கொலையை நியாயப்படுத்த முடியாது. ஆனால் இரத்தக்கறை அவரோடு முடியவில்லை. ஐபக்கின் மகன் அலியைப் பதவி நீக்கி குதுஸ் வந்தார். 1260இல் ஐன் ஜாலூத்தில் மொங்கோலியரை வென்று திரும்பும் வழியில் குதுஸையும் கொன்று பைபர்ஸ் சுல்தானானார். பத்து ஆண்டுகளில் தூரான்ஷாஹ், ஷஜருத்துர், ஐபக், குதுஸ் என நால்வர் கொல்லப்பட்டனர்.

சிலுவைப் படையையும் மொங்கோலியரையும் வென்ற அந்தச் சமூகத்துக்கு, ஆட்சியை அமைதியாகக் கைமாற்றும் வழிமுறை மட்டும் வாய்க்கவில்லை. வீரமும் திறமையும் ஒரு நாட்டைக் காப்பாற்றலாம். அடுத்து ஆளப்போவது யார் என்பதை வாள் அல்லாத ஒன்று தீர்மானிக்கும்போதுதான் அந்த நாடு நிலைக்கும். ஷஜருத்துர்ரின் வாழ்விலிருந்து நாம் பெறவேண்டிய படிப்பினை இதுவே.