கபச்சுரப்பியின் இரகசியம் தேடியவர்

உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் எங்களுக்கு வளர்ச்சி ஓமோன் என்பது அட்டவணையில் ஒரு வரி. கபச்சுரப்பியில் சுரக்கும், உடலை வளர்க்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மனிதரின் ஏறத்தாழ ஐம்பது வருட உழைப்பு இருக்கிறது. அவர் பெயர் சோ ஹாவோ லீ.

லீ 1913ஆம் ஆண்டு சீனாவின் குவாங்சோ நகரில் பிறந்தார். நான்ஜிங்கில் இரசாயனவியல் கற்று 1933இல் பட்டம் பெற்றார். 1935இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றபோது, பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அவரை ஏற்கத் தயங்கியது. அவர் படித்த பல்கலைக்கழகத்தை அங்கே அறிந்தவர் குறைவு. வெளியாகியிருந்த தனது ஆய்வுக் கட்டுரையை அவர் காட்டிய பின்னரே பரீட்சார்த்தமாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1938இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஊரின் பெயர் திறக்காத கதவை உழைப்பு திறந்தது.

1940களில் ஹேர்பர்ட் எவன்ஸ் என்பவருடன் இணைந்து மாட்டின் கபச்சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஓமோனைப் பிரித்தெடுத்தார். அது எலிகளை வளர்த்தது. மனிதரிடம் வேலை செய்யவில்லை. லீ சோர்ந்துவிடவில்லை. இறந்தவர்களின் பட்டாணியளவு சுரப்பிகளிலிருந்து 1956இல் மனித வளர்ச்சி ஓமோனையே பிரித்தெடுத்தார். சில ஆண்டுகளுக்குள் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு மனித ஓமோன் ஊசி பயன்படத் தொடங்கியது.

அதன் கட்டமைப்பை 1960களில் வெளியிட்டபோது அமினோ அமிலங்கள் 188 என்றார். அதில் பிழை இருப்பதை வேறு விஞ்ஞானிகள் காட்டினர். அவர் மீண்டும் ஆராய்ந்து 1971இல் திருத்தி வெளியிட்டார். சரியான எண்ணிக்கை 191. அவரது வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுதான். புகழின் உச்சியில் நின்றவர், பிழையை மறைக்காமல் உண்மையைப் பெரிதாக எண்ணினார்.

வளர்ந்து முடிந்த பின்னும் இந்த ஓமோனுக்கு வேலை உண்டு. தசையைக் காப்பதிலும் கொழுப்பைக் கரைப்பதிலும் அதற்குப் பங்கிருக்கிறது. ஆனால் அது விட்டுவிட்டு, பெரும்பாலும் உறக்கத்தில் சுரப்பதால், ஒருமுறை எடுத்த குருதியில் அதன் அளவு சரியாகத் தெரியாது. அதன் தூண்டலால் பெருமளவு ஈரலில் உருவாகும் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1 நாள் முழுவதும் ஓரளவு சீராக இருக்கும். ஆகவே வைத்தியர்கள் அதையே அளக்கிறார்கள். 70 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தக் காரணியை லீயின் குழு 1983இல் செயற்கையாக உருவாக்கியது. அப்போது அவருக்கு வயதும் 70.

முதுமையில் இவ்விரண்டும் குருதியில் குறைகின்றன. தசை மெலிகிறது, வயிற்றில் கொழுப்பு சேர்கிறது. நம் வாப்பும்மா, உம்மும்மாமாரிடம் நாம் காண்பதும் இதைத்தான். இதைக் காட்டி இளமை தரும் ஊசியென்று விற்பவர்களும் உலகில் இருக்கிறார்கள். சுகமாயுள்ள முதியோருக்கு அந்த ஊசி தசையைச் சற்றுக் கூட்டினாலும் பலத்தை அவ்வாறு கூட்டுவதில்லை. வீக்கமும் மூட்டு வலியும் குருதிச் சீனி உயர்வும் வரலாம். மீன், முட்டை, பருப்பு போன்ற புரத உணவும் உடலசைவும் அவர்களுக்கு ஏற்ற வழிகள்.

லீ 1987 நவம்பரில் காலமானார். அல்லாஹ் படைத்த உடலில் ஒரு சிறு சுரப்பியை அறியவே ஓர் ஆயுள் தேவைப்பட்டது. சகோதரிகளே, அறிய வேண்டியவை நமக்கும் நிறைய மீதமிருக்கின்றன.