நாடாவைப் படித்த மனிதர்

நியூயார்க் மாநகரிலே வால் தெரு என்றொரு தெரு இருக்கிறது. பெயர்தான் தெரு; உலகத்துச் செல்வத்தில் ஒரு பெரும் பகுதி கைமாறிய சந்தை அது. 1888-ஆம் ஆண்டில் அத்தெருவிலே 15 வயதுச் சிறுவன் ஒருவன், பங்குப் பத்திரங்களைச் சுமந்துகொண்டு ஒரு தரகர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான். ஓடுவதே அவனுக்கு உத்தியோகம். அவன்தான் பிற்காலத்தில் ரிச்சர்டு வைக்காஃப் எனப் புகழ்பெற்றவன். விலையை மட்டும் பார்க்காதே, அந்த விலையிலே எவ்வளவு சரக்குக் கைமாறிற்று என்றும் பார் என்று சாமானிய மக்களுக்கு எடுத்துச் சொன்ன பெருமை அவருடையது.

1873-இல் பிறந்த அவர் சந்தைக்குள் நுழைந்த காலத்தில், தரகர் கூடங்கள்தோறும் டிக்கர் என்னும் கருவி ஓசையிட்டுக் கொண்டிருந்தது. எட்வர்டு காலஹன் என்பவர் 1867-இல் அமைத்த கருவி அது. எடிசனும் தம் இளமையில் அதைச் செப்பனிட்டதுண்டு. தந்திக் கம்பி வழியே வரும் செய்தியை அது நீண்ட காகித நாடாவில் அச்சிட்டுத் தள்ளும். கம்பெனியின் சுருக்கப் பெயர், கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை, விலை, இவ்வளவுதான் அந்த நாடாவில் இருக்கும். கூடியிருந்தோர் கண்ணெல்லாம் விலையிலே பதிந்திருந்தது. வைக்காஃபின் கண்ணோ எண்ணிக்கையின் மேல் விழுந்தது.

இதன் அருமையை உணர நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. கொழிஞ்சாம்பாறை முதல் குமுளி வரை எல்லையோரம் வாழும் தமிழருக்குச் சந்தை புதிதன்று. அதிலும் மலையேறி வந்து தோட்டத்தை நம்பி வாழும் எங்கள் குடும்பங்களுக்கு ஏலக்காய் விலையே நாடித்துடிப்பு. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலத்தின் விவரத்தை ஸ்பைசஸ் போர்டு நாள்தோறும் வெளியிடுகிறது. வந்த சரக்கு எத்தனை கிலோ, விற்றது எத்தனை கிலோ, உச்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்று எல்லாம் அதில் உண்டு. ஆனால் தேநீர்க் கடையிலே பேச்சாவது உச்ச விலை மட்டுமே! 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய்க்கு ஏலக்காய் போனபோது மலைநாடெங்கும் அதே பேச்சு. அன்றைய சராசரி விலையோ அதற்கு வெகு கீழே நின்றது. உச்சியைத் தொட்டது எத்தனை மூட்டை என்று கேட்டவர் சிலரே.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு மாதத்தில் 2,400 ரூபாய் விலையில் 20,000 கிலோவும், 2,800 ரூபாய் விலையில் 300 கிலோவும் விற்றன என்று கொள்வோம். விலைகளைக் கீழிருந்து மேலாக அடுக்கி, ஒவ்வொரு விலைக்கும் எதிரே, விற்ற அளவுக்கேற்ப ஒரு கிடைக்கோடு இழுத்தால், 2,400-க்கு எதிரே நீண்ட கோடும், 2,800-க்கு எதிரே ஒரு புள்ளி போன்ற கோடும் நிற்கும். பலருடைய பணம் 2,400-இல் தங்கியிருக்கிறது. விலை திரும்பவும் அங்கே வரும்போது, வாங்கியவர் காக்க முனைவர். அல்லது அஞ்சி விற்பர். எப்படியாயினும் அங்கே ஒரு தடுமாற்றம் உண்டு. 2,800 என்பது வந்து போன விருந்தாளி. வால்யூம் பை பிரைஸ் என்று இன்றைய தரகர்கள் சொல்லும் படத்தின் சூட்சுமம் இவ்வளவே.

இந்தப் படத்தை வைக்காஃப் வரையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விலைக்கோட்டின் அடியில் அளவைக் குறித்துப் பார்த்தவர் அவர். விலைக்கு எதிரே பக்கவாட்டில் அடுக்கும் முறையைச் சிகாகோ தானியச் சந்தையின் பீட்டர் ஸ்டெய்டில்மேயர் 1980-களில் பரப்பினார். அவரும் முதலில் அடுக்கியது ஒவ்வொரு விலையிலும் சந்தை நின்ற நேரத்தைத்தான். அளவைக் கணக்கிட்டு அடுக்கும் வேலையைப் பின்னர்க் கணிப்பொறி எடுத்துக்கொண்டது. ஆயினும் கேள்வி வைக்காஃபின் கேள்வியே.

1907-ஆம் ஆண்டு அமெரிக்கச் சந்தை பெரும் பீதியில் நடுங்கிய ஆண்டு. அவ்வாண்டிலேதான் அவர் டிக்கர் என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். பின்னர் அது வால் தெரு இதழ் எனப் பெயர் மாறி வளர்ந்தது. 1910-இல் ரோலோ டேப் என்ற புனைபெயரில் நாடா படிக்கும் கலையைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். சந்தையின் அசைவுகளையெல்லாம் ஒரே மனிதன் செய்வதாக எண்ணிப் பார் என்பது அவர் கற்பித்த உபாயம். அம்மனிதன் விலை சோர்ந்து கிடக்கையில் ஓசையின்றிச் சேர்ப்பான், பிறகு ஏற்றுவான், ஊரார் ஆவலோடு ஓடி வரும்போது அவர்கள் தலையிலே கட்டுவான், பின்பு விலை சரியும். அளவு பெருகியும் விலை ஏறவில்லையானால், யாரோ விற்றுத் தள்ளுகிறார்கள் என்று பொருள். எளிய கருத்துத்தான், ஆனால் அதுகாறும் செல்வர் மட்டுமே அறிந்திருந்த கருத்து.

பக்கெட் கடைகள் என்ற போலித் தரகு நிலையங்களையும் அவர் எதிர்த்து எழுதினார். அங்கே ஏழை எளியவர் கட்டிய பணத்துக்கு ஒரு பங்கும் வாங்கப்படுவதில்லை; விலையின் மேல் வெறும் பந்தயம்! விலை உண்டு, சரக்கு இல்லை. நம் நாட்டில் டப்பா வணிகம் என்று சட்டம் தடுக்கும் மோசடிக்கு மூத்த அண்ணன் அது.

அறிவியல் மாணவனாகிய எனக்கு இவருடைய முறையிலே ஓர் ஐயம் உண்டு. ஒவ்வொரு பங்கையும் வாங்கியவன் ஒருவன் என்றால் விற்றவனும் ஒருவன் இருக்கிறானே! நீண்ட கோடு கைமாறிய அளவைச் சொல்லுமே தவிர, வென்றவன் யாரென்று சொல்லாது. நடந்து முடிந்ததை விளக்குவது எளிது. நடக்கப் போவதை முன்னறிந்து உரைப்பதன்றோ சோதனை? இன்று விடுதி அறைகளிலே கைப்பேசியில் இப்படத்தைப் பார்த்துப் பணம் போடும் நண்பர்கள் உண்டு. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வையும் அவர்கள் பார்ப்பது நலம். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ வணிகத்தில் இறங்கிய தனிநபர்களுள் 100-க்கு 93 பேர் நட்டப்பட்டனர். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். வைக்காஃபும் இதை உணராதவரல்லர். எவ்வளவு நட்டத்தில் வெளியேறுவது என்பதை வாங்கும்போதே முடிவு செய்துகொள் என்று அவர் வற்புறுத்தினார். அவர் பெயரைச் சொல்லிப் பாடம் நடத்துவோர் இதைத்தான் மெல்லச் சொல்லுகிறார்கள்.

அவருடைய இறுதி ஆண்டுகள் இன்பமானவை அல்ல. உடல் நலிந்தது. மணவாழ்க்கை முறிந்தது; தாம் வளர்த்த இதழும் கையை விட்டுப் போயிற்று. அதன்பின் அதனை நடத்தியவர் சிசீலியா அம்மையார், அவருடைய முன்னாள் மனைவி. 1929 அக்டோபர் 29 அன்று நியூயார்க் சந்தையில் 1 கோடியே 64 லட்சம் பங்குகள் கைமாறின. டிக்கர் கருவியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. நாடா மணிக்கணக்கில் பின்தங்கி ஓடிற்று. அன்று நாடாவைப் படித்தவர்கள் எல்லாம் பழைய விலையைப் படித்துக்கொண்டிருந்தார்கள்!

டௌ சராசரி 381-லிருந்து சரிந்து 1932 ஜூலையில் 41-இல் நின்றது. அந்தப் பாழான காலத்திலேதான், 1931-இல், வைக்காஃப் தம் முறையை ஒரு பாடத்திட்டமாக வகுத்து மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கினார். மூன்றாண்டுகள் கழித்து, 1934 மார்ச் 7 அன்று, கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ நகரில் காலமானார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், பங்குச் சந்தையிலே விலையைச் சூழ்ச்சியால் ஏற்றி இறக்குவதைக் குற்றமாக்கும் சட்டத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார்.